கால்சியம் வரும் வேகம், போகும் வேகம்: இதயத் தசையும் ஹார்மோன்களும்

பெரியம்மாவுக்கு மூச்சு வாங்குவது அதிகமாகி எக்கோ எடுத்தபோது இ.எஃப். 30 சதவீதம் என்று வந்தது. இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்ற கணக்கு அது. 55, 60 என்று இருக்க வேண்டியது பாதியாகியிருந்தது. டாக்டர் எழுதிய மாத்திரைகளில் ஒன்று பைசோபுரோலால், அதாவது பீட்டா பிளாக்கர் வகை. அது என்ன செய்யும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பெரியம்மா என்னைப் பார்த்து, "ஏம்ப்பா, இதயம் சரியா அமுக்கலைன்னு சொல்லிட்டு, இருக்கிற வேகத்தையும் குறைக்கிற மாத்திரையைக் குடுத்திருக்காங்களே?" என்றார்.

மருத்துவ உலகமே பல ஆண்டுகள் கேட்ட கேள்விதான் இது. இதயம் பலவீனமானவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது என்றுதான் நெடுங்காலம் பாடப் புத்தகங்களில் இருந்தது. அவருக்கு உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டுமென்றால், ஹார்மோன்கள் இதயத் தசைச் செல்லுக்குள் என்னதான் செய்கின்றன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு தவளையின் இதயம் இருக்கிறது. 1880களின் தொடக்கத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து உப்பு நீர் செலுத்தி, அது எவ்வளவு நேரம் துடிக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். இதயம் நன்றாகவே துடித்தது. 1882இல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். அப்புறம்தான் தெரிந்தது, காய்ச்சி வடித்த நீரில் கலக்க வேண்டிய உப்பு, குழாய்த் தண்ணீரில் கலக்கப்பட்டிருந்தது. வடித்த நீரில் கலந்து செலுத்தினால் இதயம் சீக்கிரமே ஓய்ந்துவிட்டது. லண்டன் குழாய் நீரில் கரைந்திருந்த கால்சியம்தான் அதுவரை இதயத்தைத் துடிக்க வைத்திருந்தது. அடுத்த ஆண்டே ரிங்கர் தன் கட்டுரையைத் தானே திருத்தி எழுதினார். இன்று ஆஸ்பத்திரியில் ஏற்றும் ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) பாட்டிலில் இருக்கும் 'ஆர்' அவர் பெயர்தான்.

கால்சியம் என்றால் எலும்பு, பல் என்றுதான் நம் நினைவுக்கு வரும். இதயத் தசைச் செல்லுக்கு அதுதான் கட்டளை. கீழறைத் தசைச் செல் ஒன்றின் நீளம் ஏறக்குறைய மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியத்தின் அளவு, ஓய்வில் இருக்கும் செல்லின் உள்ளே இருப்பதைப் போல் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு மின் அலை செல்லின் சவ்வு மேல் ஓடுகிறது. அது ஓடும்போது சவ்விலுள்ள கால்சியக் கதவுகள் திறந்து கொஞ்சம் கால்சியம் உள்ளே வருகிறது. அந்தக் கொஞ்சம், செல்லுக்குள் கால்சியத்தைச் சேர்த்து வைத்திருக்கும் வலைப் பையைத் தட்டித் திறந்து, அங்கிருந்து நிறையக் கால்சியத்தை வெளியே விடுகிறது. கண நேரத்தில் செல்லுக்குள் கால்சியத்தின் அளவு சுமார் பத்து மடங்கு ஏறுகிறது. கால்சியம் ட்ரோபோனின் என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ள, ஆக்டின் இழையின் மேல் இருந்த மறைப்பு விலகுகிறது. மயோசின் இழைகள் அதைப் பற்றி இழுக்கின்றன. செல் சுருங்குகிறது.

பாதிக் கதை இவ்வளவுதான். மீதிப் பாதியைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. வந்த கால்சியம் முழுவதும் திரும்பிப் போக வேண்டும். பெரும்பகுதியை 'செர்கா' என்ற பம்பு ஆற்றலைச் செலவழித்து வலைப் பைக்குள் திரும்ப ஏற்றுகிறது. மீதி சவ்வு வழியாகச் செல்லுக்கு வெளியே தள்ளப்படுகிறது. அது போனால்தான் செல் தளரும். தளர்ந்தால்தான் அறை விரிந்து ரத்தம் நிரம்பும். ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் முறை இந்த வரவும் போக்கும் நடக்கிறது.

இதயத்துக்கும் கைத் தசைக்கும் இருக்கும் ஒரு வித்தியாசத்தை இங்கே கவனிக்க வேண்டும். காலிக் குடத்தைத் தூக்கக் கைத் தசையில் சில நார்கள் வேலை செய்தால் போதும். நிறைகுடம் என்றால் மூளை இன்னும் நிறைய நார்களைக் கூப்பிட்டுக்கொள்ளும். இதயத்தில் அப்படி ஆள் சேர்க்க வழியில்லை. கீழறைகளில் உள்ள சில நூறு கோடிச் செல்களும் ஒவ்வொரு துடிப்பிலும் ஏற்கெனவே வேலை செய்கின்றன. ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் செல் என்று எதுவும் கிடையாது. அப்படியானால் மாடிப்படி ஏறும்போது கூடுதல் பலம் எங்கிருந்து வரும்? நிரம்பும் ரத்தம் அதிகமானால் தசை இழுபட்டுக் கொஞ்சம் பலமாகச் சுருங்கும், அது ஒரு வழி. இன்னொன்று, ஒவ்வொரு செல்லும் தன் கால்சியத்தைக் கையாளும் விதத்தை மாற்றிக்கொள்வது. சாதாரணமாக உட்கார்ந்திருக்கும்போது வரும் கால்சியம், ட்ரோபோனின் அனைத்தையும் நிரப்பும் அளவுக்கு இருப்பதில்லை. அந்த இடைவெளிதான் இதயத்தின் கையிருப்பு. ஹார்மோன்கள் கை வைப்பது அங்கேதான்.

இதில் முதலில் பிடிபட்டது அட்ரினலின். 1894, 95இல் ஜார்ஜ் ஆலிவர், எட்வர்ட் ஷேஃபர் இருவரும் சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் சாற்றை விலங்குகளுக்கு ஊசியில் ஏற்றி, ரத்த அழுத்தம் கிடுகிடுவென ஏறுவதைக் காட்டினார்கள். 1901இல் ஜப்பானில் பிறந்த ஜோகிச்சி தகமினே அமெரிக்காவில் அந்தச் சாற்றிலிருந்து அட்ரினலினைத் தூய்மையாகப் பிரித்ததை அறிவித்தார். அதன் நெருங்கிய உறவான நார்அட்ரினலின் பெரும்பாலும் இதயத்திலேயே இருக்கும் நரம்பு முனைகளிலிருந்து கசிகிறது. வரும் பாதை வேறாக இருந்தாலும் இதயச் செல்லில் இரண்டும் போய்த் தட்டுவது முக்கியமாக ஒரே இடத்தைத்தான்: பீட்டா-1 ஏற்பி, அதாவது செல்லின் சவ்வில் இருந்துகொண்டு ஹார்மோனின் சேதியை வாங்கும் புரதம். பெரியம்மாவின் பீட்டா பிளாக்கர் அடைப்பதும் இதைத்தான். இப்படி ஏற்பிகளை ஆல்பா, பீட்டா என்று பிரிக்கலாம் என்று ரேமண்ட் ஆல்க்விஸ்ட் 1948இல் எழுதினார். அப்போது அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அட்ரினலின் செல்லுக்குள் நுழைவதே இல்லை. வாசலில் நின்று மணியடித்துவிட்டுப் போய்விடுகிறது. ஏற்பியில் அது ஒட்டியதும் உள்பக்கம் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சின்ன மூலக்கூறு நிறைய உருவாகிறது. ஹார்மோன் கொண்டுவந்த சேதியை உள்ளே எடுத்துப் போகும் இரண்டாவது தூதர் அது. அதைக் கண்டுபிடித்த ஏர்ல் சதர்லண்டுக்கு 1971இல் நோபல் பரிசு கிடைத்தது. சைக்ளிக் ஏ.எம்.பி. ஒரு நொதியை எழுப்புகிறது. அந்த நொதி செல்லுக்குள் பல புரதங்கள் மேல் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. எந்தெந்தப் புரதங்கள் என்று பார்த்தால்தான் இந்த ஏற்பாட்டின் அழகு தெரியும்.

ஒன்று, சவ்விலுள்ள கால்சியக் கதவு. நொதி இந்தக் கதவுப் புரதத்தின் மேலேயே பாஸ்பேட்டை ஒட்டுகிறது என்று நம்பி, எந்த இடத்தில் என்று பல பத்தாண்டுகள் தேடினார்கள். 2020இல்தான் விடை வந்தது. கதவின் பக்கத்தில் 'ராட்' என்றொரு சிறு புரதம் அதை அதிகம் திறக்க விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பாஸ்பேட் ஒட்டுவது அதன் மேல். ஒட்டியதும் ராட் பிடியை விடுகிறது, கதவு தாராளமாகத் திறக்கிறது, கால்சியம் கூடுதலாக வருகிறது. சுருக்கம் பலமாகிறது.

இன்னொன்று பாஸ்போலாம்பன். செர்கா பம்பின் மேல் பிரேக் மாதிரி உட்கார்ந்திருப்பது. இதன் மேல் பாஸ்பேட் ஒட்டினால் பிரேக் தளர்ந்து, பம்பு வேகமாக ஓடி, கால்சியத்தைச் சட்டென்று பைக்குள் ஏற்றிவிடுகிறது. அதே நேரம் ட்ரோபோனினின் ஒரு பகுதியிலும் பாஸ்பேட் ஒட்டி, அது கால்சியத்தைச் சீக்கிரம் விட்டுவிடும்படி செய்கிறது. ஆக, அட்ரினலின் இதயத்தை வேகமாகத் தளரவும் வைக்கிறது. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது. பயத்திலும் ஓட்டத்திலும் இதயத்தை முடுக்கிவிடுகிற ஹார்மோனின் வேலையில் பாதி, அதைத் தளர விடுவது.

ஏன் என்பதற்குக் கணக்குப் போட்டால் போதும். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.86 வினாடி கிடைக்கிறது. அதில் பாதிக்கு மேல் இதயம் தளர்ந்து நிரம்பும் நேரம். ஓடும்போது 180 துடிப்பு என்றால் கிடைப்பது 0.33 வினாடிதான். அதற்குள் சுருங்கி, தளர்ந்து, நிரம்பியும் ஆக வேண்டும். வெறும் பலம் மட்டும் கூடி, தளர்வு பழைய மெதுவான வேகத்திலேயே இருந்தால் அறை நிரம்ப நேரம் இருக்காது. காலி அறை எவ்வளவு பலமாக அமுக்கி என்ன? இன்னொன்றும் உண்டு. இடது கீழறைத் தசைக்கே ரத்தம் பாய்வது பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும்போதுதான். சுருங்கும்போது தன் ரத்தக் குழாய்களையே அது நெரித்துக்கொள்கிறது. தளரும் நேரம் குறைந்தால் இதயத்துக்கே சாப்பாடு குறையும்.

அப்படியானால் பாஸ்போலாம்பன் என்ற பிரேக்கைக் கழற்றியே விட்டால் என்ன? எலிகளில் செய்து பார்த்தார்கள். 1994இல் அந்த மரபணு இல்லாமல் உருவாக்கிய எலிகளின் இதயங்கள் எந்நேரமும் பலமாகச் சுருங்கி வேகமாகத் தளர்ந்தன, எலிகளுக்குக் கெடுதல் எதுவும் தெரியவில்லை. இதயநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை எழுந்தது. 2003இல் வேறொரு சேதி வந்தது. பரம்பரையாகவே பாஸ்போலாம்பன் இல்லாமல் பிறந்த மனிதர்களுக்கு இதயம் வீங்கிப் பலமிழந்து உயிருக்கே ஆபத்தாகியிருந்தது. எலியின் இதயம் நிமிடத்துக்கு 600 முறை வரை துடிப்பது. எப்போதும் முழு வேகத்துக்குப் பக்கத்திலேயே ஓடுவதால் அதற்குப் பிரேக் இல்லாதது பெரிதாகத் தெரிவதில்லை. நம் இதயம் பெரும்பாலான நேரம் மெதுவாக ஓடி, வேண்டியபோது மட்டும் ஏறுவது. பிரேக்கை அழுத்தவும் விடவும் முடிவதுதான் அதற்கு முக்கியம்.

ரத்தத்தில் வரும் ஹார்மோன் தனியாக எவ்வளவு செய்ய முடியும் என்பதை மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் பார்க்கலாம். 1967 டிசம்பரில் கேப்டவுனில் முதல் மாற்று இதயம் பொருத்தப்பட்டது. இந்தியாவில் அது முதன்முதலில் வெற்றிகரமாக நடந்தது 1994 ஆகஸ்டில், டெல்லி எய்ம்ஸில். புது இதயத்தின் நரம்புகள் அறுவையின்போது அறுபட்டுவிடும். துடிப்பை அடக்கி வைக்கும் வேகஸ் நரம்பும் இல்லை, ஏற்றிவிடும் நரம்பும் இல்லை. அதனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 90, 100 என்று துடிக்கும். நடக்க ஆரம்பித்தால் நம்மைப் போல உடனே ஏறாது. அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் ரத்தத்தில் கலந்து வந்து சேரும் வரை காத்திருக்கும். சில நிமிடம் கழித்துத்தான் ஏறும், நடையை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் ஏறிய இடத்திலேயே நிற்கும். அதனால்தான் அவர்களிடம் எந்த உடற்பயிற்சிக்கு முன்னும் மெதுவாகத் தயாராகுங்கள், சட்டென்று நிறுத்தாதீர்கள் என்று சொல்கிறார்கள்.

தைராய்டு ஹார்மோனின் வழி முற்றிலும் வேறு. அது வாசலில் மணியடிப்பதில்லை. செல்லுக்குள் நுழைந்து, உட்கருவரை போய், எந்த மரபணுவிலிருந்து எவ்வளவு புரதம் தயாராக வேண்டும் என்பதையே மாற்றுகிறது. செர்கா பம்புகள் அதிகம் தயாராகின்றன, பாஸ்போலாம்பன் குறைகிறது, பீட்டா-1 ஏற்பிகள் கூடுகின்றன. அட்ரினலின் சில வினாடிகளுக்குச் செய்வதை, தைராய்டு ஹார்மோன் நாள்கணக்கில் செல்லின் அமைப்பிலேயே எழுதி வைத்துவிடுகிறது என்று சொல்லலாம். அதனால் தைராய்டு அதிகமானவர்களுக்குத் தூக்கத்தில்கூட நாடி வேகமாக இருக்கும், படபடப்பு இருக்கும், சிலருக்கு மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கத் தொடங்கும். 1835இல் டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் இந்த நோயை எழுதியபோது, கழுத்து வீக்கத்தோடு வந்த பெண்களிடம் அவர் முதன்மையாகக் குறித்தது ஓயாத படபடப்பைத்தான். தைராய்டு குறைந்தால் எல்லாம் நேர்மாறு: நாடி மெதுவாகும், சுருக்கம் பலமிழக்கும், தளர்வும் மந்தமாகும். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடும் எத்தனையோ பேருக்கு அது உடல் எடைக்கும் அசதிக்குமான மருந்தாகத்தான் தெரியும். அவர்களின் இதயச் செல்லில் எத்தனை பம்புகள் ஓட வேண்டும் என்பதையும் அந்த மாத்திரைதான் பார்த்துக்கொள்கிறது.

கணையத்தின் குளுக்ககானையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். சர்க்கரையை ஏற்றும் அந்த ஹார்மோனுக்கு இதயத்தில் தனி ஏற்பி உண்டு. அதுவும் உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி.யைத்தான் கூட்டுகிறது. பீட்டா பிளாக்கரை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டவர்களுக்குப் பீட்டா வாசல் அடைபட்டிருக்கும்போது, குளுக்ககானைக் கொடுத்துப் பக்கத்து வாசல் வழியாக அதே சேதியை உள்ளே அனுப்புவது அவசர சிகிச்சையில் ஒரு முறை. இதயம் தானே ஹார்மோன் சுரக்கிறது என்பது 1981இல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட் காட்டியது. மேலறைத் தசை இழுபடும்போது வரும் அந்த ஹார்மோன், உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றச் சொல்கிறது. அதன் தம்பியான பி.என்.பி.யைத்தான் மூச்சு வாங்கலோடு வருபவர்களுக்கு ரத்தப் பரிசோதனையில் பார்க்கிறார்கள்.

சரி, அட்ரினலின் அளவுக்கு மீறினால்? 1990இல் ஹிரோஷிமா மருத்துவர்கள் ஒரு விசித்திரமான இதயநிலையை விவரித்தார்கள். பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு, மாரடைப்பு மாதிரியே நெஞ்சுவலியோடு வருவார்கள், ஆனால் இதயத் தமனிகளில் அடைப்பு இருக்காது. இடது கீழறையின் அடிப்பகுதி அசையாமல் பலூன் மாதிரி உப்பியிருக்கும், மேல் பகுதி மட்டும் பலமாகச் சுருங்கும். அந்த வடிவம் ஜப்பானிய மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கப் போடும் பானை மாதிரி இருந்ததால் 'டகோட்சுபோ' என்று பெயர் வைத்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. 2004இல் நிகாதா நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்தப் பகுதியில் இப்படிப் பலர் வந்தார்கள். இவர்களின் ரத்தத்தில் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது அளந்து காட்டப்பட்டிருக்கிறது. துக்கத்தில் நெஞ்சு அடைத்துப் போச்சு என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அது வெறும் பேச்சில்லை. நல்லவேளையாகப் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் இதயம் பழையபடி சுருங்கத் தொடங்கிவிடுகிறது.

பெரியம்மாவுக்கு நடந்துகொண்டிருந்தது இதே வெள்ளம், ஆனால் மெதுவாக, மாதக்கணக்கில். இதயம் எந்தக் காரணத்தாலோ பலமிழந்து ரத்த ஓட்டம் குறைந்தால், உடலுக்கு அந்தக் காரணம் தெரியாது. ரத்தக் குழாய்களில் அழுத்தம் குறைகிறது என்பது மட்டும் தெரியும். காயம்பட்டு ரத்தம் கொட்டும்போதும் அழுத்தம் குறையும். அதற்கு நம் உடலில் இருக்கும் பதில் ஒன்றுதான்: நார்அட்ரினலினை ஏற்று, ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சங்கிலியை முடுக்கு, உப்பையும் நீரையும் பிடித்து வை, குழாய்களை இறுக்கு. ரத்தக் கசிவு நிற்கும் வரை சில மணி நேரம் உயிரைக் காக்க இது அருமையான ஏற்பாடு. இங்கேயோ கசிவே இல்லை, அதனால் நிற்கவும் செய்வதில்லை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நிமிடமும் செல்லின் வாசலில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. கால்சியம் அளவுக்கு மீறி வந்து போகிறது, அதற்கு ஆற்றல் தேவை கூடுகிறது, வலைப் பை கசியத் தொடங்கி ஒழுங்கற்ற துடிப்புகள் எழுகின்றன, செல்கள் சில செத்துப்போகின்றன. ஆல்டோஸ்டிரோனும் ஆஞ்சியோடென்சினும் செல்களுக்கு நடுவில் நார்த் திசுவை வளர்த்து இதயத்தை விறைப்பாக்குகின்றன.

செல்லும் தன்னால் முடிந்த வழியில் தப்பிக்கப் பார்க்கிறது. ஓயாமல் அடிக்கும் மணியைத் தாங்காமல் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. 1982இல் ஸ்டான்ஃபோர்டில் செயலிழந்த மனித இதயங்களைச் சோதித்தபோது பீட்டா ஏற்பிகள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தன. விளைவு, ஹார்மோன் எக்கச்சக்கமாக இருந்தும், நிஜமாகவே மாடிப்படி ஏறும்போது அதைக் கேட்க ஏற்பி இல்லை. கையிருப்பு காலி.

இந்த நிலையில் சுருக்கத்தை இன்னும் பலப்படுத்துவதுதான் நியாயமான சிகிச்சை என்று பலரும் நினைத்தார்கள். சைக்ளிக் ஏ.எம்.பி. கரையாமல் காக்கும் மில்ரினோன் என்ற மருந்தை மாத்திரையாக 1,088 பேரிடம் நடந்த ஆய்வில் சோதித்தார்கள். 1991இல் முடிவு வந்தது: மருந்து சாப்பிட்டவர்களிடம் இறப்பு 28 சதவீதம் அதிகம். களைத்துப்போன மாட்டைச் சாட்டையால் அடித்து ஓட்டியதற்குச் சமம் அது.

இதற்கு 16 ஆண்டுகள் முன்பே, 1975இல், ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஃபின் வாக்ஸ்டைனும் உடன் இருந்தவர்களும் இதயம் வீங்கிப் பலமிழந்த 7 பேருக்குத் துணிந்து பீட்டா பிளாக்கர் கொடுத்து, அவர்கள் தேறியதை எழுதியிருந்தார்கள். ஏழே பேர், அதுவும் பாடப் புத்தகத்துக்கு நேர் எதிராக. பெரும்பாலோர் நம்பவில்லை. அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. 1999இல் 2,647 பேரிடம் பைசோபுரோலாலைச் சோதித்த ஆய்வில் இறப்பு 34 சதவீதம் குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்துவிட்டதால் அந்த ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள்.

பெரியம்மாவுக்கு நான் சொன்னது இதுதான். மாத்திரை இதயத்தை அடக்குகிறது என்பது உண்மை, ஆனால் அடக்குவது ஓயாமல் அடிக்கும் மணியை. வேகம் குறைந்தால் தளரும் நேரம் கூடும், அறை நன்றாக நிரம்பும், தசைக்கும் ரத்தம் பாயும். சில மாதங்களில் செல், உள்ளே இழுத்துக்கொண்ட ஏற்பிகளைத் திரும்ப வெளியே வைக்கத் தொடங்கும், பம்புகளும் தேறும். இ.எஃப். மெல்ல ஏறுவது பலரிடம் பார்த்தது. ஆனால் முதல் வாரங்களில் அசதி தெரியலாம், ஏனென்றால் இவ்வளவு நாள் நம்பியிருந்த சாட்டை இல்லை. அதனால்தான் 1.25 மில்லிகிராம் என்ற மிகச் சிறிய அளவில் ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போலப் பார்த்துப் பார்த்து ஏற்றுகிறார்கள். உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும் நிலையில் புதிதாக ஆரம்பிக்காமல், நீரை இறக்கிய பிறகே தொடங்குகிறார்கள்.

"நல்லா ஆயிட்டா நிறுத்திடலாமா?" என்று கேட்டார். டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தவே கூடாது என்றேன். மருந்து இருக்கும் காலத்தில் ஏற்பிகள் பெருகியிருக்கும். தடுப்பை ஒரே நாளில் எடுத்தால், வழக்கமான அட்ரினலின்கூட அத்தனை ஏற்பிகள் மேல் ஒரேயடியாக விழும். நாடி எகிறும், சிலருக்கு நெஞ்சுவலியும் வரும். அன்றிலிருந்து ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் பெரியம்மா பையில் முதலில் எடுத்து வைப்பது அந்த மாத்திரை அட்டையைத்தான்.